கிரிப்பும் ஒரு மூட்டை அரிசியும்

கடவுளை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரை நம்பாதவர்கள் என் குடும்பத்திலேயே நாலைந்து பேர் தேறுவார்கள். ஆனால் தரையை நம்பாத மனிதர் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மெல்போர்னில், கிளேட்டனில், எங்களோடு ஒரே வாடகை வீட்டில் இருந்தார். பெயர் கிரிப்பு.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் வெளியே எடுத்துப் பயன்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாள், பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நேராகக் குளியலறைக்குள் போனார். செருப்பைக் கழற்றி, கட்டைவிரலால் தரையை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார். வெளியே வந்து, "கிரிப்பு பத்தாதுங்க" என்றார். சாயங்காலம் சமையலறைத் தரைக்கும் அதே தீர்ப்பு. மறுநாள் ரயில்நிலையப் படிக்கட்டுக்கும் அதே. அதற்குப் பிறகு வேறு பெயர் தேட வேண்டிய அவசியமே எங்களுக்கு வரவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் ஏதோ ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று செய்துகொண்டிருந்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை. இன்னொருவர் சிவா அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். படகில் வந்து இறங்கி, வருஷக்கணக்காகத் தற்காலிக விசாவிலேயே காலம் தள்ளிக்கொண்டு, கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டுச் சமையலறை அவருடைய ராஜ்யம். அவர் அதைக் குசினி என்பார், டீயைத் தேத்தண்ணி என்பார். பட்டப்பெயரைக்கூட மரியாதை சேர்க்காமல் சொல்லும் வழக்கம் அவர் ஊரில் இல்லை போலிருக்கிறது. அவர் வாயில் கிரிப்பு, 'கிரிப்பர்' ஆகிவிட்டார்.

"தம்பி, கிரிப்பர் எழும்பிட்டாரோ? அவருக்கும் தேத்தண்ணி வைக்கட்டோ?"

நேரில் பேசும்போது கிரிப்பை 'அண்ணை' என்பார். கிரிப்பு பதிலுக்கு அவரை 'சிவாண்ணா' என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தெரியவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதும் இல்லை.

கிரிப்பு நடக்கிற நடையைத் தெருவே நின்று பார்க்கும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். பாதம் முழுசாகப் பதிந்த பிறகுதான் அடுத்த கால் கிளம்பும். கைகள் இரண்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, எப்போது வேண்டுமானாலும் எதையாவது பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். ஓடி நான் பார்த்ததே இல்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் அதே நடைதான்.

"ஓடி வாங்கண்ணே, பஸ் போகுது!"

"போகட்டுமுங்க. பஸ்ஸு இன்னொண்ணு வரும். இடுப்பு இன்னொண்ணு வருமுங்களா?"

இதில் கேலி செய்ய முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மனிதர் ஒருமுறைகூட வழுக்கி விழுந்ததில்லை. நான் அந்த வீட்டு வாசலிலேயே மூன்று தடவை விழுந்திருக்கிறேன்.

நாமக்கல் பக்கத்துக்காரர். இன்ஜினியரிங் படித்துவிட்டு அங்கே லாரி டயர்களுக்குப் புதுப் பட்டன் ஒட்டும் பட்டறையில் இருந்தார். டயரின் மேல் மேடும் பள்ளமுமாக, சாலையைக் கவ்விப் பிடிப்பதற்காக இருக்கிறதே, அதுதான் பட்டன். "பட்டன் தேஞ்ச லாரி, மழை நாளு, மலை இறக்கம். மூணும் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகுமுன்னு நான் பாத்திருக்கேனுங்க" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம்.

இங்கே அவருக்கு வேலை கொடுத்தவர் பேரி என்கிற வெள்ளைக்காரர். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு, டிரெய்லர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். குளிர்காலம் வந்தால் பனிமலையிலிருந்து ஸ்னோமொபைல்கள் ரிப்பேருக்கு வரும். நம்மில் பலர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. மோட்டார் சைக்கிளும் யுத்த டாங்கியும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிறக்கக்கூடிய பிள்ளை அது. முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பலகை. பின்னால் அகலமான ரப்பர் பட்டை ஒன்று சுற்றிக்கொண்டே வண்டியைத் தள்ளும். சறுக்குப் பலகையின் அடியில் நீளவாக்கில் ஒரு இரும்புக் கம்பியைத் திருகி மாட்டியிருப்பார்கள். அதற்கு ரன்னர் என்று பெயர். அதன் கூரான விளிம்பு பனியைக் கீறிக்கொண்டு போனால்தான் வண்டி திரும்பும். பின்னால் ரப்பர் பட்டையில் கூரான ஆணிகளை வரிசையாகப் பதிப்பார்கள். அவை ஐஸைக் குத்திப் பிடித்தால்தான் வண்டி ஏறும்.

அதுவரை ஐஸை சர்பத் கடையில் மட்டுமே பார்த்திருந்த கிரிப்பு, அந்த வண்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. பெண் பார்க்கப் போய்விட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சிவாண்ணா, ஒரு வண்டிக்கு அடியில அத்தனையும் கிரிப்புக்குன்னே செஞ்சு வெச்சிருக்கானுங்க!"

"சந்தோசம் அண்ணை. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் காதுக்குள் ரன்னரும் ஆணியும்தான் ஓடின. கிரிப்பின் சித்தாந்தம் இரண்டே வரி. முதலாவது: ஓர் ஆணி கீறிய கோட்டில் இன்னொரு ஆணி வரக் கூடாது. முன்னால் போனவன் கிளறிவிட்டுப் போன இடத்தில் பின்னால் வருபவனுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. இரண்டாவது: முன்னால் இருக்கும் ரன்னரும் பின்னால் இருக்கும் ஆணியும் ஒத்துப்போக வேண்டும். ஆணி ஓங்கினால் வண்டி திரும்பாமல் நேரே போய் மரத்தில் முட்டும். ரன்னர் ஓங்கினால் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும்.

இதை அவர் வண்டியோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. கோயிலில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டு, "எல்லாரும் ஒரே கோட்டுல போனா எப்படீங்க? முன்னாடி போனவன் சாம்பார்ல இருக்குற காயை வழிச்சிட்டுப் போயிருவான். கலைஞ்சு நில்லுங்க" என்று ஜனங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தப் பார்த்தார். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அவரைத் தோளில் கைபோட்டு அன்பாக வெளியே கூட்டிப் போனார்.

இன்னொரு நாள் மிச்சமான ஆணிகளை வீணாக்க மனமில்லாமல் எங்கள் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளின் கால்களில் அடித்து வைத்துவிட்டார். சிவா அண்ணன் வந்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். மரத்தரையில் பற்கள் பதிந்த தடம்தான் வந்தது.

"என்னண்ணை இது? கதிரையை நட்டு வச்சிருக்கிறியள்!"

"இனி ஆடாதுங்க சிவாண்ணா."

"ஆடாது. ஆனா ஆளும் இருக்கேலாது. மேசைக்கும் கதிரைக்கும் நடுவில நான் எப்பிடிப் பூர்றது?"

அதற்குப் பிறகு அந்த வீட்டை விட்டுப் போகும்வரை நாங்கள் நாற்காலியின் முதுகைத் தாண்டிக் குதித்துத்தான் சாப்பிட உட்கார்ந்தோம்.

ஒரு மனிதருக்கு ஒரு பைத்தியம் இருப்பது நல்லதுதான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் கிரிப்புக்கு அது சிரிப்பு விஷயமில்லை. அவருடைய மனைவி கவிதாவும் சின்ன மகளும் நாமக்கல்லில் இருந்தார்கள். அவர் இருந்த விசாவிலேயே அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இவர் மாட்டேன் என்றார். தற்காலிக விசா என்பது அவர் கண்ணுக்குச் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரை. "எனக்கே கிரிப்பு இல்லாத எடத்துக்குக் கொழந்தையை எப்படீங்க கூட்டிட்டு வர்றது? நிரந்தரம் ஆகட்டும்" என்பார்.

தினமும் சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் வீட்டோடு பேசுவார். கவிதாவின் குரல் எங்களுக்கும் பழகிவிட்டது.

"ஏனுங்க, அங்க தரை இன்னும் சரியாகலீங்களா?"

"ஆயிரும் கவிதா. கொஞ்சம் பொறு."

"பொண்ணுக்குப் பல்லு விழுந்து மொளைச்சே போச்சு. நீங்க தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருங்க. அவ காலேஜு முடிச்சிட்டு அவளே வந்து உங்களைப் பாத்துக்குவா."

சிவா அண்ணன் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வார்: "தங்கச்சி சொல்லுறது சரி அண்ணை. நான் தரையே இல்லாத வழியால வந்தனான். நீங்கள் தரை வழுக்குது எண்டு நிக்கிறியள்."

இப்படியிருக்கும்போதுதான் பேரி ஒருநாள் விஷயத்தை உடைத்தார். மலையில் மீட்புக் குழு ஒன்று இருக்கிறது. பனியில் காலை ஒடித்துக்கொண்டவர்களை ஸ்னோமொபைலின் பின்னால் ஸ்லெட்ஜ் என்கிற சறுக்குவண்டியைக் கட்டி, அதில் படுக்கவைத்து இழுத்து வருபவர்கள். ஆஸ்திரேலியப் பனி காலையில் கண்ணாடி, மத்தியானம் கூழ். கடையில் விற்கிற ரன்னர் எதுவும் இரண்டுக்கும் சரிப்படவில்லை என்று அவர்களுக்குக் குறை. கிரிப்பு வடிவமைத்த ரன்னரும் ஆணி வரிசையும் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பேரிக்கு ஆண்டுதோறும் வேலை இருக்கும். கிரிப்பின் நிரந்தர விசாவுக்கு அவர் கையெழுத்துப் போடுவார். பிடிக்காவிட்டால் குளிர்காலத்தோடு கணக்கு முடிந்தது, அவருக்கு இன்ஜினியர் தேவையில்லை.

அன்றிலிருந்து எங்கள் கராஜ் ஆராய்ச்சிக் கூடம் ஆனது. மீன் கடைக்காரர் ஒருவர் தூக்கிப் போட்ட பழைய ஃப்ரீசரைக் கொண்டுவந்து வைத்து, கிரிப்பு அதில் பலகை பலகையாக ஐஸ் வளர்த்தார். ஆடு மாடு வளர்ப்பவரைப் போல வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் திறந்து பார்ப்பார். சரிவாகச் சாய்த்த பலகை மேல் ஐஸைப் பதித்து, அதன் மேல் ரன்னர் மாட்டிய சறுக்குப் பலகையை வைத்து, பக்கவாட்டில் கயிறு கட்டி, சுருள்வில் தராசால் இழுப்பார். எவ்வளவு இழுத்தால் நழுவுகிறது என்று பார்ப்பதுதான் பரீட்சை. சறுக்குப் பலகைக்கு மேலே வண்டியின் பாரம் வேண்டுமல்லவா? அதற்கு அன்றைக்குத்தான் வாங்கி வந்திருந்த பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து, மேலே தார்ப்பாயும் போட்டார். இருபது கிலோ என்று மூட்டையின் வயிற்றில் பெரிதாக அச்சடித்திருந்தது.

முதல் ஜோடி ரன்னர் முதல் நாளே பிரமாதம். வீட்டுக்குள் வந்து எங்களுக்குக் கைகொடுத்தார். இரண்டு நாள் கழித்து முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் கழித்து, "பிடி கொறையுதுங்க" என்றார். வாரக் கடைசியில், "முனை மழுங்குது. இது ஆகாது" என்று முதல் ஜோடியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார். நல்ல கனத்த இரும்பாயிற்றே என்று சிவா அண்ணன் அதை எடுத்துக் கழுவி, குசினி மேடையில் இணையாக வைத்து, சூடான பானை இறக்கி வைக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

கிரிப்பு இரண்டாவது ஜோடியை இன்னும் ஆழமான விளிம்போடு செய்தார். முதல் நாள் பிரமாதம். அப்புறம் அதே கதை. மூன்றாவது ஜோடியைப் பார்த்தால் மீன் வெட்டும் அரிவாளுக்குக்கூட பயம் வரும். அதுவும் நாளுக்கு நாள் பிடி விட்டது. மனிதர் இளைத்துப் போனார். ஐஸின் மேல் சந்தேகப்பட்டார், தராசின் மேல் சந்தேகப்பட்டார், கராஜ் தரை சாய்ந்திருக்கிறதா என்று கோலிக்குண்டு உருட்டிப் பார்த்தார். ஒருநாள் மூட்டை ஒரு பக்கமாகக் குனிந்து நிற்கிறது என்று யாரிடமோ கத்தினார். மறுநாள் மூட்டை கல்யாண மாப்பிள்ளை போல விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அதோடு அதை மறந்துவிட்டார்.

பரீட்சை நாள் வந்தது. கிரிப்புக்கு மலைப்பாதையில் கார் ஓட்ட தைரியம் கிடையாது. ஆகவே நான் ஓட்டினேன். பனி பார்க்க வேண்டும் என்று சிவா அண்ணன் லீவு போட்டுவிட்டு, ஒரு சின்ன கேஸ் அடுப்பு, தேத்தண்ணிப் பானை, புளிச்சாதம் சகிதம் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் நாலாவது ஜோடி ரன்னர், எல்லாவற்றிலும் கொடூரமானது, போர்வை சுற்றிப் படுத்திருந்தது.

மீட்புக் குழுவின் தலைவி ஜென் என்கிற பெண்மணி. முகம் வெயிலிலும் பனியிலும் பதப்பட்டது. அதிகம் பேசும் வழக்கமில்லை. பனிச்சறுக்கு ஆடுபவர்களை மேலே ஏற்றிப்போகும் லிஃப்ட் திறந்து ஜனம் வருவதற்குள் சோதித்து முடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பேரி முந்தின வாரமே அனுப்பியிருந்த, ஆணி பதித்த ரப்பர் பட்டையை அவர்கள் வண்டியில் மாட்டி வைத்திருந்தார்கள். கிரிப்பு ரன்னர்களைத் திருகினார். திருகி முடித்ததும் பையிலிருந்து எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய் எல்லாம் வெளியே வந்தன.

"புது வண்டிங்க. பூசை போடாம எப்படி?"

ஜென் இதுவும் சோதனையின் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, கைகட்டி மரியாதையாக நின்றார். கற்பூரம் காற்றில் நிற்கவில்லை. எலுமிச்சம்பழங்களை ரன்னருக்கும் பட்டைக்கும் அடியில் வைத்து வண்டியை நகர்த்தினால், அவை நசுங்காமல் சத்தமில்லாமல் பனிக்குள் இறங்கிவிட்டன. மலையில் பழத்தைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஜென் சொல்லிவிட்டார். ஒரு இன்ஜினியரும், ஒரு கம்ப்யூட்டர்காரனும், ஒரு கோழி வெட்டுபவரும் முழங்காலிட்டு எலுமிச்சம்பழம் தோண்டினோம்.

தேங்காய்தான் பெரிய பிரச்னை. கிரிப்பு ஓங்கிப் போட்டார். பொதக். தேங்காய் அப்படியே புதைந்தது. எடுத்து இன்னும் ஓங்கிப் போட்டார். இன்னும் ஆழமாகப் போனது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கல் கிடையாது. தேங்காய் உடையாமல் கிரிப்பு வண்டியை விடுவதாக இல்லை. ஜென் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நில்லுங்கோ, வாறன்" என்று சிவா அண்ணன் காருக்குப் போய், இரண்டு இரும்புக் கம்பிகளோடு வந்தார். நம் முதல் ஜோடி ரன்னர்தான். "அடுப்பு பனியில தாழும், பானையை வைக்க உதவும் எண்டு கொண்டு வந்தனான்." ஒன்றைக் கையில் நிமிர்த்திப் பிடித்து, விளிம்பில் ஒரே தட்டு. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. கிரிப்புக்கு முகம் மலர்ந்தது. சிவா அண்ணன் அதே கம்பிகளைப் பனியில் பரப்பி, அடுப்பை ஏற்றி, தேத்தண்ணி போட உட்கார்ந்துவிட்டார்.

ஜென் வண்டியில் ஏறினார். பின்னால் ஸ்லெட்ஜ், அதில் நோயாளிக்குப் பதிலாக மணல் மூட்டைகள். ஏற்றத்தில் ஆணிகள் நன்றாகவே பிடித்தன. மேலே போய்க் கண்ணாடியாய் மின்னிய வளைவில் ஹாண்டில்பாரைத் திருப்பினார். முன்பக்கம் பனியை வெறிநாய் போலக் கவ்விக்கொண்டது. பின்பக்கம் சுழன்றது. எங்களுக்கு முதுகைக் காட்டிப் போன வண்டி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஜென் மெதுவாக இறங்கி வந்தார். "டூ மச் பைட், மேட். ஸாரி." ரன்னர் அளவுக்கு மேல் கடிக்கிறதாம்.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். அதே கதை. தோள்பட்டை வலிக்கிறது என்று கையை உதறிக்கொண்டே சொன்னார். கிரிப்பு பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தரையைச் சோதிக்காமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எப்படீங்க இவ்வளவு பிடிக்கும்? கராஜுல பிடிக்கவே இல்லீங்களே. நான் ஊருக்கே போயிர்றேனுங்க தம்பி. பழையபடி பட்டனே ஒட்டிக்கிறேன். கவிதாகிட்ட மட்டும் நீங்க சொல்லிருங்க."

சிவா அண்ணன் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? அந்த மூட்டையில எவ்வளவு பாரம் இருக்க வேணும்?"

"இருபது கிலோங்க. அதுலயே போட்டிருக்குதே."

"அது வாங்கேக்க. நான் ஒவ்வொரு நாளும் அதிலதானே அரிசி எடுத்துச் சமைச்சனான்."

கிரிப்பு வாயருகே கொண்டுபோன கோப்பையைக் கீழே இறக்கினார். "மூட்டை நிமிர்ந்தேதானுங்களே நின்னுச்சு?"

"மூட்டை குனியுது எண்டு நீங்கள்தானே அண்டைக்குக் கத்தினியள்! எடுக்கிற அரிசிக்குப் பதிலா பேப்பரும் என்ர பழைய ஜாக்கெற்றும் அடைஞ்சு விட்டனான். நீங்கள் மேல போட்ட தார்ப்பாயையும் திருப்பி வடிவா மூடி விட்டனான்."

ஆஸ்திரேலியா முழுவதும் ஒரு சாண் தரையைக்கூட நம்பாத மனிதர், ஒரு அரிசி மூட்டையில் அச்சடித்திருந்ததை அப்படியே நம்பியிருக்கிறார். பிடி குறைந்தது ரன்னரில் இல்லை, பாரத்தில். நாங்கள் மூன்று வேளையும் உட்கார்ந்து, ஆணியடித்த நாற்காலியைத் தாண்டிக் குதித்து, அவருடைய பரிசோதனையை ரசம் ஊற்றித் தின்று தீர்த்திருக்கிறோம்.

கிரிப்புக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு கத்தினார்.

"அப்ப மொத ஜோடி சரியாத்தானுங்களே இருந்துது! ஆணியெல்லாம் அதுக்குத்தானுங்களே நான் கணக்குப் போட்டேன்! அது எங்கீங்க?"

நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் தேத்தண்ணிப் பானையைப் பார்த்தோம்.

அடுத்த சில நிமிடங்களில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. பானை கவிழ்ந்தது. சூடான தேத்தண்ணி பனியில் சுர்ரென்றது. கிரிப்பு தேங்காய்த் தண்ணீர் காயாத ரன்னர்களைப் பிடித்து மாட்ட, நான் திருக, சிவா அண்ணன் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். லிஃப்ட் அருகே ஜனம் சேர ஆரம்பித்திருந்தது. "ஒன் மோர், மேடம், ப்ளீஸ்" என்று கிரிப்பு கும்பிட்டார். ஜென்னுக்கு என்ன தோன்றியதோ, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏறினார்.

வண்டி ஏற்றத்தில் ஏறியது. வளைவுக்கு வந்தது. கிரிப்பு என் கையைப் பிடித்திருந்த இடத்தில் மறுநாள்வரை தடம் இருந்தது. ஹாண்டில்பார் திரும்பியது, வண்டியும் திரும்பியது, அதன் பின்னால் ஸ்லெட்ஜும் சாதுவாக வந்தது. ஜென் அதே வளைவில் வேகமாக ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை, வேண்டுமென்றே மோசமாக ஒருமுறை திருப்பிவிட்டு எங்களிடம் வந்து நின்றார்.

"யெப். தட்'ல் டூ" என்றார்.

கிரிப்பின் முகம் வாடியது. என் காதருகே குனிந்து, "என்னங்க தம்பி, பரவால்லைன்னு சொல்றாங்களா? அவ்வளவுதானுங்களா?" என்றார்.

இந்த ஊர்க்காரர்கள் 'பரவாயில்லை' என்று சொன்னால் நம் ஊரில் மாலை போட்டு யானை மேல் ஏற்றுவதற்குச் சமம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஜென்னே திரும்பி, இதே மாதிரி எத்தனை ஜோடி செய்ய முடியும் என்று பேரியிடம் பேசுவதாகச் சொன்ன பிறகுதான் நம்பினார். போகிற போக்கில் ஜென், "இதில் ஏன் தேங்காய் வாசனை வருகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிவா அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "தட்'ஸ் டெஸ்டிங், மேடம்" என்றார்.

பேரி சொன்ன சொல் தவறவில்லை. விசா வந்து சேர நெடுநாள் ஆனது. அதற்குள் நான் கல்யாணம் செய்துகொண்டு நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பொயிண்ட் குக் பக்கம் போய்விட்டேன். கடிதம் வந்த அன்றைக்குக் கிரிப்பு எனக்குப் போன் செய்து, "தம்பி, கிரிப்பு கெடைச்சிருச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

கவிதாவும் மகளும் வந்து இறங்கிய நாள், நானும் சிவா அண்ணனும் விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டு, ஒரு மனிதன் வழுக்கி விழுகிற படம் போட்ட மஞ்சள் பலகையை நடுவில் வைத்திருந்தார்கள். கிரிப்புக்கு அந்தப் பலகையின் மேல் எப்போதும் தனி மரியாதை. இந்த நாட்டிலேயே உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரே அறிவிப்பு அதுதான் என்பார். வழக்கம்போலக் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துப் பார்த்து, "பத்தாதுங்க. தள்ளி நில்லுங்க" என்று எங்களை ஓரமாக நிறுத்தினார்.

கதவு திறந்தது. கவிதா தள்ளிவந்த டிராலியின் மேல் பெட்டிகள், பெட்டிகளின் பக்கத்தில் பல் முளைத்த அந்தப் பெண். "அப்பா!" என்று அவள் ஓடி வந்தாள்.

கிரிப்பு ஓடினார். முழங்காலை மடக்கவில்லை, பாதத்தைப் பதிக்கவில்லை, தரையைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் பலகையை இடித்துத் தள்ளிவிட்டு, ஈரத்தில் கால் வைத்து, பலகையில் போட்டிருந்த மனிதனைப் போலவே கையைக் காலை விரித்து ஆகாயத்துக்குப் போய், தடாலென்று மல்லாக்க விழுந்தார். ஓடி வந்த மகள் நிற்க முடியாமல் அவர் நெஞ்சின் மேலேயே விழுந்தாள். அவர் அவளைக் கட்டிக்கொண்டு, படுத்தபடியே, கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குத்தானுங்களா இத்தனை வருசம் தரையைத் தட்டிப் பாத்தீங்க?" என்று கவிதா அழுதுகொண்டே கேட்டார்.

தூக்கிவிட நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். சிவா அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "விடு தம்பி. கிரிப்பர் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்றார். நாங்கள் தூக்கிவிடப் போகவில்லை. அந்த மனிதரை எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.